வைகாசிக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

குடியாத்தத்தில் எனக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஆரம்பித்து இப்போது பாதிக்கு மேல் ஃப்ளெக்ஸ் பேனர்தான். சித்திரையும் வைகாசியும் எங்களுக்குச் சீசன். முகூர்த்தங்கள் ஒரு பக்கம், வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா இன்னொரு பக்கம். தெருவுக்குத் தெரு, சங்கத்துக்குச் சங்கம் பேனர் கேட்பார்கள். எல்லாருக்கும் விடிந்தால் வேண்டும். முன்பெல்லாம் அந்த ஒரு மாதம் நடுராத்திரி தாண்டாமல் நான் ஷட்டரை இறக்கியதே இல்லை. நல்ல உழைப்பாளி என்று ஊரில் பேர். எனக்கு ஒரு நோய் இருப்பது இத்தனை வருஷம் தெரியாமல் போனதற்கு அந்தப் பேரும் ஒரு காரணம்.

நோயின் பெயர் பைபோலார். தமிழில் இருமுனை மனநிலைக் கோளாறு என்று எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் சொல்வதில்லை. ஏத்தம், எறக்கம். என் மனைவி வைத்த பேர் அது. "இன்னா, லேசா ஏத்தம் மாதிரி தெரியுது?" என்று அவள் கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். அந்தக் கோபம் வருகிறதா இல்லையா என்பதையும் அவள் கவனித்துக்கொள்வாள்.

2014 சித்திரையில் எனக்கு 31 வயது, மகளுக்கு இரண்டு. ஏறக்குறைய ஒன்பது நாள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான் தூங்கினேன். இதை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். தூக்கம் வராமல் புரண்டு புரண்டு படுப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் போவது வேறு. முதல் வகையில் காலையில் கண் எரியும், உடம்பு அடித்துப்போட்டது போல் இருக்கும். இரண்டாவது வகையில் மூன்று மணிக்கு எழுந்து குளித்துவிட்டு, ஊரை எழுப்பலாமா என்று தோன்றும். களைப்பே இருக்காது. உலகத்தில் எல்லாமே ஒன்றோடொன்று தொடர்புடையதாகத் தெரியும். நான் அந்த வாரம் ஊரில் பாதிப் பேருக்கு இலவசமாக பேனர் அடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்தேன். சிவகாசிக்கு போன் போட்டு நாலு கலர் ஆஃப்செட் மெஷின் ஒன்றுக்கு அட்வான்ஸ் அனுப்பினேன். அதற்காக மனைவியின் பதினொரு பவுனை அடகு வைத்தேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அதுதான் அந்த நிலை.

சிரசு அன்றைக்குக் காலையில் தரணம்பேட்டையிலிருந்து அம்மனின் சிரசு, அதாவது தலை, ஊர்வலமாகக் கிளம்பியபோது நான் கூட்டத்துக்கு நடுவில் இருந்தேன். வழியெல்லாம் சூறைத் தேங்காய் உடைபடும், ஓடு சிதறிக் கிடக்கும். அதன் மேல் வெறுங்காலோடு ஓடினேன். அம்மன் என்னிடம் மட்டும் பேசுவதாக எனக்கு உறுதியாகத் தெரிந்தது. எனக்குச் சாமி வந்திருப்பதாகச் சொல்லி யாரோ தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், கற்பூரம் காட்டினார்கள், ஒரு பாட்டி காலில்கூட விழுந்தார். திருவிழாக் கூட்டத்தில் என் நோய் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. கோபாலபுரம் கோயிலில் சிரசை அம்மன் உடலில் பொருத்தி, ராத்திரி வாணவேடிக்கையும் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்று நாளாகியும் எனக்கு வந்த சாமி மலையேறவில்லை. அப்போதுதான் வீட்டில் பயந்தார்கள்.

அம்மாவும் நைனாவும் என்னைச் சோளிங்கருக்குக் கூட்டிப் போனார்கள். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் புத்தி பேதலித்தவர் என்றால் முதலில் அங்கேதான். தக்கான் குளத்தில் முழுக்காட்டி, சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர் சன்னிதிக்கு ஏற்றுவார்கள். நான் இதைக் குறை சொல்ல எழுதவில்லை. எங்களுக்கு வழி கிடைத்ததே அங்கேதான். குளத்தங்கரையில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா என் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தார். பிரசாதம் எடுக்கப் பையைத் திறந்தவர் கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் எடுத்தார். அதில் காலை, ராத்திரி என்று பிரித்துக் கட்டிய மாத்திரைகள். "மாசாமாசம் பாகாயம் போய் வாங்கறோம்மா. இங்கயும் வருவோம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நாள் நாங்கள் பாகாயத்தில் இருந்தோம்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியும் அந்தப் பக்கமே. பஸ்ஸில் வருகிற பாதிப் பேர் மாணவர்கள், ஊழியர்கள். ஆனாலும் "பாகாயம் மூணு" என்று மனைவி டிக்கெட் கேட்டபோது பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்ததாக எனக்கு அப்போது பட்டது. யாரும் பார்க்கவில்லை என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

அங்கே ஒரு வழக்கம். உள்ளே சேர்த்தால் வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். 1950களின் கடைசியிலிருந்தே அப்படித்தானாம். மகளைப் பேரணாம்பட்டில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு என் மனைவி வந்து தங்கினாள். என்னைப் பார்த்துக்கொள்ள அவள் வந்தாள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த நாட்களில் அதிகம் கற்றுக்கொண்டவள் அவள்தான். பக்கத்து அறைக் குடும்பங்களோடு பேசினாள். எந்த மாத்திரை எதற்கு, எது வந்தால் பயப்பட வேண்டும், எது வந்தால் வேண்டாம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினாள். வேறு இடத்தில் சேர்த்திருந்தால் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, சரியானதும் கூட்டி வந்திருப்பார்கள். எனக்கு என்ன நடந்தது என்பது வீட்டுக்குப் புரிந்தே இருக்காது.

டாக்டர் என்னைவிட அவளிடம்தான் நிறையக் கேட்டார். இதற்கு முன்னால் சின்ன அளவில் இப்படி இருந்திருக்கிறாரா? நாலு நாள், ஒரு வாரம்? அவள் யோசித்து, கல்யாணமான வருஷம் ஒரு வைகாசி, அதற்கப்புறம் ஒரு தை என்று சொன்னாள். அப்புறம் முந்தைய ஆடியைப் பற்றிச் சொன்னாள். ஆடியில் எங்கள் தொழில் படுத்துவிடும், அதனால் நானும் படுத்துக்கிடந்தது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பல் தேய்க்கப் பிடிக்காது. பிள்ளை மடியில் வந்து உட்கார்ந்தால் பாரமாக இருக்கும். அப்போது ஒரு டாக்டரிடம் போனோம், மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார். "முன்னாடி எப்பவாவது ரொம்ப உற்சாகமா, தூங்காம இருந்திருக்கீங்களா?" என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உற்சாகத்தை யாராவது நோயென்று டாக்டரிடம் சொல்வார்களா? ஆனால் பைபோலார் இருப்பவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் அதுவே சிலரை ஏத்தத்தில் தூக்கிவிடும். அதனால் சோர்வுக்காக மருத்துவரிடம் போகிற யாராக இருந்தாலும் நல்லா இருந்த நாட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக, கூட இருப்பவரை உள்ளே அழைத்துப் போங்கள். நாம் மறப்பதை அவர்கள் சொல்வார்கள்.

எனக்குக் கொடுத்தது லித்தியம். அது ஓர் உப்பு என்று டாக்டர் சொன்னதும் என் அம்மா, "உப்பா? மளிகைக் கடையில கிடைக்காதா?" என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. இது வேறு உப்பு, 1949இல் ஆஸ்திரேலியாவில் ஒரு மருத்துவர் கண்டுபிடித்த பயன், பழைய மருந்து, விலையும் குறைவு என்று பொறுமையாகச் சொன்னார். பழையது என்பதாலோ என்னவோ அம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஆனால் லித்தியத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. ரத்தத்தில் அது 0.6க்கும் கீழே போனால் பலன் குறையும். நோய் அடங்கி இருக்கும் காலத்தில் 0.6இலிருந்து 0.8, சிலருக்கு 1.0 வரை வைப்பார்கள். 1.5ஐத் தாண்டினால் விஷமாகத் தொடங்கும். பலன் தருகிற அளவுக்கும் கெடுதல் செய்கிற அளவுக்கும் நடுவில் இவ்வளவு சின்ன இடைவெளிதான். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். லேபில் எடுப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், நாமே சொல்லிவிட வேண்டும். நான் ஒருமுறை மாத்திரை போட்டுவிட்டுப் போய், அளவு எகிறிக் காட்டி, வீடே அலறியது. அதோடு சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் இவற்றையும் பார்ப்பார்கள்.

நான் செய்த முதல் தப்பு, பதினாலாவது மாதத்தில் மாத்திரையை நிறுத்தியது. நன்றாகத்தானே இருக்கிறேன் என்ற எண்ணம். தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும், தொப்பை போட்டது, கை லேசாக நடுங்கி பிளேட்டைப் பொருத்தும்போது எரிச்சல் வரும். யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். மாத்திரையைத் தினமும் எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தேன், வெட்கக்கேடு. ஆறாவது வாரம் மறுபடியும் ஏத்தம். லித்தியத்தை ஒரேயடியாக நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து கூடுதல் என்று அப்புறம்தான் தெரிந்தது. தாகமும் நடுக்கமும் இருந்தால் டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னதும் அவர் அளவை மாற்றினார், நடுக்கம் குறைந்தது. அவ்வளவு எளிதான விஷயத்துக்காக ஒரு வருஷ நிம்மதியைக் கெடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது தப்பு என்னுடையது என்று சொல்ல முடியாது. வேலூர் வெயிலுடையது.

2017 மே மாதம். அக்னி நட்சத்திரம். எங்கள் ஊரில் அப்போது 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஃப்ளெக்ஸ் மெஷின் ஓடுகிற அறையில் இன்னும் சூடு. திருவிழா வேலை. வெளியே எங்கேயோ சாப்பிட்டதில் வயிற்றுப்போக்கு, இரண்டு நாள். நின்று நின்று கால் வலி வேறு. மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. வழக்கமான லேசான நடுக்கம் இல்லை இது, கை தூக்கித் தூக்கிப் போட்டது. நாக்கு குழறியது. தெருவில் தள்ளாடி நடந்தேன். பார்த்த ஒருவர், "பகல்லயே ஏத்திக்கினான் பாரு" என்று என் காதில் விழவே சொன்னார். வாழ்நாளில் அன்றைக்குத்தான் நான் ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் குடிகாரனாகத் தெரிந்தேன்.

மனைவியின் நோட்டில் அது இருந்தது: "கை ரொம்ப நடுங்கினா, நாக்கு குழறினா, பேதி, வாந்தி: மாத்திரையை நிறுத்து, உடனே ஆஸ்பத்திரி." ஆட்டோ பிடித்தாள். ரத்தத்தில் லித்தியம் 2.1. சலைன் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். தப்பித்தேன்.

காரணம் எளிமையானது. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. வியர்வை, பேதி, வாந்தி எல்லாமே அதைத்தான் செய்யும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகளும் லித்தியம் வெளியேறுவதைத் தடுக்கும். பாராசிட்டமால் பரவாயில்லை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளுக்கும் இதே குணம் உண்டு. அதனால் எந்த டாக்டரைப் பார்த்தாலும், பல் டாக்டராக இருந்தாலும், முதல் வாக்கியமாக "நான் லித்தியம் எடுக்கிறேன்" என்று சொல்கிறேன். பர்ஸில் அதை எழுதிய அட்டை ஒன்று இருக்கிறது. நானே அடித்தது, லேமினேஷனோடு. காப்பு கட்டி விரதம் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உப்பில்லா விரதம் நமக்கு ஆகாது. உப்பைத் திடீரென்று குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. நான் விரத நாட்களிலும் உப்புப் போட்ட மோர் குடிக்கிறேன். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. சித்திரை கடைசி வாரம் ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் திருவிழா வேலையையே எடுக்கிறேன்.

இதெல்லாம் மருந்து சமாசாரம். இவற்றைவிட எனக்கு அதிகம் உதவியது ஒரு சாதாரண உண்மை. ஏத்தத்தில் இருக்கும் நான் யார் சொல்வதையும் கேட்க மாட்டேன். ஆகவே நான் நல்லபடி இருக்கும்போதே, பிடி ஒருவர் கையில் போய்விட வேண்டும்.

அந்த ஒருவர் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லாரும் நினைப்பார்கள். நாங்களும் நினைத்தோம், சரிப்படவில்லை. ஏத்தத்தில் இருக்கும்போது எனக்கு முதல் எதிரி அவள்தான். தடுப்பவள் அவள், பூட்டுபவள் அவள், அழுபவளும் அவள். நான் சொல்லக்கூடாததைச் சொல்வேன், அது நோய் போன பிறகும் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு யோசனை சொன்னது பாகாயத்தில் ஒரு சமூகப் பணியாளர். யார் மேல் பிரியம் அதிகம் என்று பார்க்காதீர்கள், தலை கிறுகிறுத்துக்கிடந்த நாளில் யார் சொல்லி நீங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள் என்று பாருங்கள் என்றார். யோசித்துப் பார்த்தால் இரண்டு தடவையும் அது என் மச்சான். மனைவியின் தம்பி. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை, அதிகம் பேசாத ஆள். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, ஒரு டீ சாப்பிட்டு அப்படியே போய் வந்துடலாமா?" என்பான். அவனிடம் எனக்குக் கோபம் வந்ததில்லை, காரணம் தெரியாது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் வந்தது, 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அதில் இதற்கு இடம் இருக்கிறது. எனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். எனக்காக முடிவெடுக்கத் துணை நிற்பவர் யார் என்று நானே நியமிக்கலாம். நான் மச்சான் பெயரை எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் மனைவியிடம் பேசினேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் "அப்பாடா" என்றாள். எனக்கு அது குத்தியது. இருந்தாலும் அந்த "அப்பாடா" நியாயமானது.

பண விஷயத்துக்கும் இப்படித்தான். ஏடிஎம் அட்டை அவளிடம். போனில் பணம் அனுப்பும் உச்சவரம்பைக் குறைத்து வைத்திருக்கிறோம். ஐயாயிரத்துக்கு மேல் எந்தச் செலவும் இரண்டு ராத்திரி தூங்கி எழுந்த பிறகே. இதில் முக்கியம் "இரண்டு நாள்" இல்லை, "தூங்கி" என்பது. தூங்காமல் கழிந்த இரண்டு நாள் கணக்கில் சேராது. 2014இல் போன பதினொரு பவுனை மீட்க மூன்று வருஷம் ஆயிற்று. மெஷின் அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. இலவச பேனர் கேட்டு வந்தவர்களிடம் போய், உடம்பு சரியில்லாமல் சொல்லிவிட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் என்னைத் தனியாக அழைத்துப் போய், தன் தம்பிக்கு இதே மாதிரி இருப்பதாகச் சொல்லி, எந்த டாக்டர் என்று கேட்டார். அவர் தம்பியும் இப்போது மாத்திரையில் இருக்கிறார். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கிறார்கள், அவருக்கு மாத்திரைக்குச் செலவில்லை. நான் இத்தனை செலவு செய்திருக்க வேண்டியதில்லை என்று அதைக் கேட்டபோது தோன்றியது.

தூக்கத்துக்கு ஒரு காலண்டர் வைத்திருக்கிறோம். அச்சகக்காரன் வீட்டில் காலண்டருக்குப் பஞ்சமா? மாதக் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே ஒரு சின்னக் கட்டம் வைத்து எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு பிரதி அடிப்பேன். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று காலையில் எழுத வேண்டும். 7, 7, 6, 7. தொடர்ந்து இரண்டு ராத்திரி 5க்குக் கீழே போனால் மனைவி என்னிடம் எதுவும் கேட்க மாட்டாள், மச்சானுக்கு போன் போடுவாள். அவன் டாக்டருக்கு போன் செய்வான். இதில் வாதம் கிடையாது, எண்தான் பேசும். "உங்க மூஞ்சே சரியில்ல" என்றால் சண்டை வரும். "ரெண்டு நாளா நாலு" என்றால் நான் என்ன சொல்ல முடியும்? பத்து வருஷத்தில் மூன்று தடவை அந்த போன் போயிருக்கிறது. மூன்று தடவையும் மருந்தை மாற்றி வீட்டிலேயே சமாளித்துவிட்டோம்.

எறக்கத்துக்கு எண் உதவாது. அது மெதுவாக வரும். அந்தச் சமயங்களில் இருந்தென்ன பயன் என்ற எண்ணம் எனக்கு வந்திருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. மாத்திரைப் பெட்டி மனைவியின் அலமாரியில் இருப்பதற்குக் காரணம் அது. அந்த எண்ணம் வந்தால் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று எங்களுக்குள் பேச்சு. சொல்வது எப்படி என்றுதான் தெரியாது. அதனால் ஒரு வார்த்தை வைத்துக்கொண்டோம். "இன்னைக்கு என் கூட இரு" என்றால் அதுதான் அர்த்தம், அவள் வேறெதுவும் கேட்க மாட்டாள், வெளியே போகவும் மாட்டாள். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு அவள் 14416க்கு அழைத்தாள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு உதவி எண், இலவசம், எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுகிறார்கள். அவள் அழைத்தது எனக்காக என்று நினைத்தேன். தனக்காகத்தான் பேசியதாக அப்புறம் சொன்னாள்.

அவளைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். எல்லாரும் அவளிடம் "அவர் எப்படி இருக்கார்?" என்றுதான் கேட்பார்கள். பத்து வருஷமாக ஒரு ஆளின் தூக்கத்தை எண்ணிக்கொண்டிருப்பவள் எப்படித் தூங்குவாள்? இப்போது மாதத்தில் இரண்டு நாள் அவள் பேரணாம்பட்டுக்குப் போய்விடுவாள். அந்த இரண்டு நாள் கட்டத்தை நானே நிரப்ப வேண்டும், பொய் எழுதக்கூடாது. பாகாயத்தில் பழக்கமான இரண்டு குடும்பங்களோடு அவளுக்கு இன்றைக்கும் பேச்சு உண்டு. அதில் ஒரு பெண்ணுக்கும் பைபோலார்தான். கல்யாணப் பேச்சு வந்தபோது அவளுடைய மருந்தை டாக்டர் முன்கூட்டியே மாற்றினார். அதுவரை அவள் எடுத்தது சோடியம் வால்ப்ரோயேட், அது கருவிலிருக்கும் பிள்ளைக்குக் கெடுதல் செய்யும். பிள்ளை பெற்ற பிறகு வருகிற முதல் சில வாரங்கள் பைபோலார் உள்ள பெண்களுக்கு மிக ஆபத்தானவை. அதனால் ராத்திரி பிள்ளையை யார் பார்ப்பது, அவளைத் தூங்க விடுவது யார் என்று வளைகாப்புக்கு முன்னாலேயே இரண்டு வீடும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருந்தார்கள். அந்த ஒழுங்கு எங்கள் வீட்டில் வர எங்களுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று மனைவி சொல்லிக்காட்டினாள்.

பிள்ளைகள். இரண்டாவது பிள்ளை வேண்டுமா என்று ரொம்ப யோசித்தோம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு என்று டாக்டர் சொன்னார். பத்தில் ஒன்பது வராது என்றும் அதையே சொல்லலாம் என்றார். மகன் பிறந்தான். உறவில் ஓர் அத்தை, "நாளைக்குப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கும்போது இதெல்லாம் வெளிய தெரிஞ்சா?" என்று கேட்டார். நியாயமான பயம்தான், ஊர் அப்படி. ஆனால் மறைத்தால் பிள்ளைகளிடமும் மறைக்க வேண்டும், அவர்கள் வேறு எதையாவது கற்பனை செய்துகொள்வார்கள்.

அப்படித்தான் ஆயிற்று. மகளுக்கு எட்டு வயதில் ஒருநாள், "நான் சத்தம் போட்டதாலதான் அப்பாவுக்கு எறக்கம் வந்துச்சா?" என்று அவள் அம்மாவிடம் கேட்டாள். எத்தனை நாளாக அதை மனதில் வைத்திருந்தாளோ. அன்றைக்கே உட்கார வைத்துச் சொன்னோம். தாத்தாவுக்குச் சர்க்கரை இருப்பது போல அப்பாவுக்கு இது, யார் சத்தம் போட்டும் வருவதில்லை, மாத்திரை இருக்கிறது, மாமா இருக்கிறார். பெரிய விளக்கமெல்லாம் கேட்கவில்லை. "அந்தக் கட்டத்த நான் எழுதட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்று சொன்னோம். அப்பாவைக் காவல் காப்பது பிள்ளையின் வேலை இல்லை என்பதில் என் மனைவி கறார். கேட்டால் காட்டுவோம், எழுத விடமாட்டோம்.

இந்த வருஷம் சித்திரைக் கடைசியில் ரத்தம் பார்த்தோம், 0.7. திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால், ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு கூட்டம் வந்தது. நாற்பது பேனர், விடிவதற்குள் வேண்டும், சொன்ன விலை, கையில் ரொக்கம். ஒன்பது மணிக்கு மேல் மெஷின் ஓடாது என்றேன். ஏதோ நான் வம்பு செய்வதாக நினைத்து விலையை ஏற்றினார்கள். மறுபடியும் அதையே சொன்னேன். எதிர்த் தெரு பிரஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, "நல்லது பண்ணீங்க" என்றாள். சோறு போட்டுக்கொண்டே, "எவ்ளோ வந்திருக்கும்?" என்றாள். சொன்னேன். ரொம்ப நேரம் அவள் பேசவே இல்லை.

திருவிழா அன்று சாயந்திரம் எல்லாருமாகக் கோயிலுக்குப் போனோம். அந்த நாற்பது பேனரும் வழிநெடுகக் கட்டியிருந்தது. கெங்கையம்மன் பேரில் மெய்யெழுத்து ஒன்று விட்டுப்போய், நாற்பதிலும் கெங்கையமன் என்று பெரிய எழுத்தில் இருந்தது. நான் ஒவ்வொன்றாக நின்று பார்த்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாவதிலோ பதிமூன்றாவதிலோ மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, போதும் வாங்க. மணி ஒம்பதரை ஆவுது."